ஆரோக்கியத்தைத் துரத்திய வாரம்

இருபது வருடத்துக்கு மேல் ஒரே கடையில் வேலை பார்த்த நான், அதே கடையிலிருந்து மூன்று முறை ராஜினாமா செய்திருக்கிறேன். அது முதலாளிக்குக் கடைசிவரை தெரியாது என்பதுதான் வெட்கக்கேடு. முதல் கடிதத்தில், அதுவரை படித்த தமிழை எல்லாம் இறக்கிவிட்டேன். ‘தங்கள் நிழலில் இளைப்பாறிய இச்சிறு பறவை வேறு வானம் தேடும் வேளை வந்துற்றது’ என்கிற ரீதியில் ஒன்றரைப் பக்கம். முதலாளி கண்ணாடியைக் கழற்றி, வேட்டி நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு இரண்டு தடவை படித்தார். பிறகு கல்லாவைத் திறந்து ஐந்நூறு ரூபாய் எடுத்து நீட்டினார்.

“தீபாவளிக்கு இன்னும் நாள் இருக்கு. இருந்தாலும் இவ்வளவு தூரம் உருகிக் கேட்டுட்டீங்க. வெச்சுக்கோங்க.”

அட்வான்ஸ் கேட்டு எழுதியிருக்கிறேன் என்று நினைத்துவிட்டார். நானும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டேன். மற்ற இரண்டு கடிதங்களும் சட்டைப் பையை விட்டு வெளியே வரவில்லை. சலவைக்குப் போய்க் கூழாகித் திரும்பின.

இதை இப்போது எழுதக் காரணம் பிரகாஷ். எங்கள் கடையில் கடைசிச் சில வருடங்கள் கம்ப்யூட்டரில் பில் போட்டவர். இப்போது சென்னையில், செல்போனில் ஆர்டர் கொடுத்தால் வீட்டுக்கே மருந்து கொண்டுவந்து தரும் கம்பெனி ஒன்றில் இருக்கிறார். போன மாதம் கூப்பிட்டார்.

“அண்ணே, வேற கம்பெனில கூப்புடறான். சம்பளம் ஜாஸ்தி. ஆனா இங்க நம்ம செட்டு நல்லா இருக்குதுண்ணே. போறதா, இருக்கறதா? பேஜாரா இருக்குது.”

போகத் தெரியாத ஆளிடம் போகிற வழி கேட்கிறாரே என்று நினைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். யோசித்தபோது ஆலோசனை எதுவும் வரவில்லை. ஆரோக்கியசாமிதான் வந்தான்.

விழுப்புரம் தனி மாவட்டமான வருஷம் நான் வேலையில் சேர்ந்தேன். புது மாவட்டம், புது ஆபீஸ்கள், வேலை கொட்டப்போகிறது என்று எல்லோரும் சொன்னார்கள். வேதியியல் படித்திருந்த எனக்குக் கொட்டியது, திண்டிவனம் மேம்பாலத்துக்குப் பக்கத்துச் சந்தில் இருந்த மருந்து மொத்த விற்பனைக் கடை. பயிற்சி சீக்கிரம் முடிந்தது. ஒரு நாள் அலமாரிகளைக் காட்டினார்கள், மறுநாள் டெலிபோனைக் காட்டினார்கள், அதற்கு மறுநாளிலிருந்து திட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

செஞ்சி, மயிலம், மரக்காணம், அனந்தபுரம் என்று சுற்றுவட்டார மருந்துக் கடைகள் காலையில் போனில் ஆர்டர் சொல்லும். மருந்துக்கு அதன் பெற்றோர் வைத்த பெயரை யாரும் சொல்ல மாட்டார்கள். “போன வாரம் அனுப்பினீங்களே, அந்த மஞ்ச டப்பா, அதுல பத்து” என்பார்கள். அதை மருந்தின் அசல் பெயராக்கி எழுதுவது என் வேலை. எடுத்துக் கட்டுவது கோவிந்தன். மரக்காணம் பக்கம் மீனவக் குடும்பத்துப் பிள்ளை. கடலுக்குப் போனால் குமட்டுகிறது என்பதற்காக மருந்துக் கடைக்கு வந்தவன். பில் மல்லிகா. அவள் வாய்க்கு முதலாளியே சற்றுத் தள்ளித்தான் நிற்பார். ஊர் ஊராக மொபெட்டில் போய்க் கடைக்காரர்களைப் பார்த்து ஆர்டரும் பணமும் வாங்கி வருவது ஆரோக்கியசாமி. மருந்துக் கடையில் ஆரோக்கியம் என்று ஒருவன் இருந்தால் என்னென்ன ஜோக் வருமோ அத்தனையும் முதல் வருடத்திலேயே தீர்த்துவிட்டோம்.

முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் யாரிடமும் ‘முடியாது’ என்று சொன்னதில்லை. ‘பார்க்கலாம்’ என்பார். சம்பளம் உயர்த்தக் கேட்டுப் போய் நின்றால், உட்காரச் சொல்வார். கண்ணாடியைத் துடைப்பார். “வீட்ல எல்லாரும் சௌக்கியமா?” என்று ஆரம்பிப்பார். மரியாதைக்குச் சௌக்கியம் என்று சொல்லி முடித்துக்கொள்ள முடியாது. அம்மாவுக்கு முட்டிவலி எப்படி, பிள்ளைக்குப் பசி எடுக்கிறதா, வீட்டம்மாவுக்குத் தலைசுற்றல் நின்றதா என்று ஒவ்வொருவராக விசாரிப்பார். எல்லாம் உண்மையான அக்கறை. முடிவில் எழுந்து போய், பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்று கம்பெனிக்காரன் கொடுத்த டானிக் பாட்டில் ஒன்றைக் கொண்டுவந்து கையில் வைப்பார். “காலையில ஒரு மூடி, ராத்திரி ஒரு மூடி. சம்பளம்... பார்க்கலாம்.” எனக்கு வந்த சம்பள உயர்வுகளில் பெரும்பங்கு சிரப்பாகவே வந்தது. எங்கள் நால்வர் வீட்டுப் பிள்ளைகளும் நல்ல புஷ்டி.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் இரும்பு. எந்தப் பெட்டியையும் கூப்பிடாமல் கட்டக் கூடாது. கூப்பிடுவது என்றால் இதுதான்: கோவிந்தன் எடுத்து வைத்ததை அவனே சரிபார்க்கக் கூடாது. நான் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், பேட்ச் எண், காலாவதித் தேதி எல்லாவற்றையும் உரக்கப் படிக்க வேண்டும். ஆரோக்கியம் அந்த அட்டையைக் கையில் எடுத்து, கண்ணால் பார்த்து, “இருக்கு” என்று சொல்ல வேண்டும். அந்த வார்த்தைக்குப் பிறகுதான் அது பெட்டிக்குள் போகும். பெட்டியைக் கட்டி, பஸ் நிலையத்தில் கண்டக்டரிடம் ஒப்படைத்தால் ஊர் போய்ச் சேர்ந்துவிடும். தினமும் காலையில் நாங்கள் இருவரும் இப்படிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதைக் கேட்டுச் சந்தில் போகிறவர்கள் ஏதோ பஜனை என்று நின்றதுண்டு.

நடுநடுவே பேச்சும் ஓடும். தவக்காலத்தில் ஆரோக்கியம் தயிர்ச்சோற்றோடு உட்கார்ந்திருக்கும்போது கோவிந்தன் வஞ்சிர மீன் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு, “மச்சான், வாசனைக்கும் பாவக்கணக்கு உண்டா, இல்ல அது ப்ரீயா?” என்பான். “உன்னோட சேந்து துன்றதே எனக்குத் தவம்தான்டா” என்பான் இவன். இப்படிப்பட்ட உயர்ந்த தத்துவ விசாரங்களுக்காகத்தான் நான் அந்தச் சம்பளத்தில் அங்கே இருந்தேன்.

செல்போன் முதலாளியிடம் மட்டும் இருந்த காலம். ஒரு மே மாதம், ஆரோக்கியம் மரக்காணம் பக்கம் போயிருந்த நேரம் பார்த்து அவன் மனைவி ஸ்டெல்லா கடைக்கு வந்தாள். குடையை மடிக்கக்கூட இல்லை.

“அண்ணா, நான் வந்தன்னு அவருகிட்ட சொல்லாதீங்க.”

“என்னம்மா, சொல்லு.”

“விழுப்புரத்துல ஒரு ஏஜென்சில அவரைக் கூப்ட்டுக்கினே இருக்காங்க. இங்க வாங்கறதுல முக்கா பங்கு ஜாஸ்தி. பெட்ரோல் தனி. ஜூலிக்கு நர்சிங் சீட்டு கெடச்சிருக்குது, அடுத்த மாசம் மொத பீஸு கட்டணும். இவரு இன்னாடான்னா, அவங்களயெல்லாம் உட்டுட்டு எப்டி போறதுன்னு சுத்தி சுத்தி வர்றாரு. ஏண்ணா, நர்சிங் காலேஜில உங்க பிரெண்ட்ஷிப்ப பீஸா எட்த்துப்பாங்களா?”

மல்லிகா பில் போடுவதை நிறுத்திவிட்டாள்.

“அடுத்த வாரம் சனிக்கெழம அஞ்சு மணிக்குள்ள வந்து பாக்கச் சொல்லியிருக்காங்க. வரலன்னா வேற ஆளப் போட்டுடுவாங்களாம். நீங்க சொன்னா கேப்பாரு. போவச் சொல்லுங்கண்ணா.”

சொன்னேன். அன்று சாயங்காலமே சொன்னேன். ஆரோக்கியம் மொபெட்டைத் துடைத்துக்கொண்டே, “அங்க போனா யார்கிட்டண்ணே பேசறது? சம்பளத்துகிட்டயா?” என்றான். நான் தோற்றுத் திரும்பினேன்.

மறுநாள் நாங்கள் மூவரும் கூடினோம். மல்லிகாதான் யோசனை சொன்னாள்.

“சார், இங்க நல்லா இருக்குதுன்னுதான போவ மாட்டன்றாரு? நல்லா இல்லாம ஆக்கிடுவோம். திங்கக்கெழமலேர்ந்து யாரும் அவருகிட்ட பேசக் கூடாது.”

“எத்தினி நாளு?” என்றான் கோவிந்தன் கவலையாக.

“சனிக்கெழம வரைக்கும்.”

“நடுவுல எனக்குச் சிரிப்பு வந்துட்டா?”

“மூஞ்சிய அட்டப்பொட்டிக்குள்ள உட்டுக்கினு சிரி.”

நான் வயதில் மூத்தவன், நாலு புத்தகம் படித்தவன். தடுத்திருக்க வேண்டும். உன்னதமான தியாகம் என்று மெய்சிலிர்த்துப்போய் ஒப்புக்கொண்டேன்.

அந்த வாரத்தை விவரிப்பது கஷ்டம். கோவிந்தன் பேசவில்லை. ஆனால் மத்தியானம் வழக்கம்போல ஒரு மீன் துண்டை எடுத்து ஆரோக்கியத்தின் டப்பா மூடியில் வைத்துவிட்டு, மறுபக்கம் திரும்பிக் கோபமாக உட்கார்ந்துகொண்டான். மல்லிகா பேசவில்லை. ஆனால் அவன் வரும்போதெல்லாம் மின்விசிறியை அவன் பக்கம் திருப்பிவிட்டு முறைத்தாள். என் பாடுதான் மோசம். பேசுவதில்லை என்று முடிவு செய்த ஆளிடம் காலை முழுக்க மருந்துப் பெயர்களை உரக்கக் கூப்பிட வேண்டியிருந்தது. ஒரு வழி கண்டுபிடித்தேன். காய்ச்சல் மாத்திரையைக்கூடக் கொலைக்குற்றம் சாட்டுகிற குரலில் படித்தேன்.

ஆரோக்கியம் ஏன் என்று கேட்கவே இல்லை. செவ்வாய்க்கிழமை அவனுடைய “இருக்கு” சிறுத்தது. புதன்கிழமை அது “ம்” ஆகிவிட்டது. சோற்றைப் பாதியில் மூடி வைத்தான். வியாழக்கிழமை மல்லிகா என்னிடம் ரகசியமாக வந்தாள்.

“சார், மூஞ்சி உப்பிக்கினு இருக்குது பாத்தீங்களா? வூட்ல உக்காந்து அழுதிருக்காரு சார். உட்டுடலாம் சார், பாவமா இருக்குது.”

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் ஜூலியின் படிப்பை நினைத்து மனசைக் கல்லாக்கிக்கொண்டேன்.

சனிக்கிழமை ஆரோக்கியம் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் வந்தான். மடிப்பைப் பார்த்தாலே ஸ்டெல்லாவின் கை தெரிந்தது. மதியத்துக்கு மேல் லீவு வேண்டும் என்று முதலாளியிடம் சைகையிலேயே கேட்டான். நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஜெயித்துவிட்டோம்.

காலையில் அனந்தபுரம் பெட்டி முதல் பஸ்ஸில் போயிருந்தது. பதினொரு மணி வாக்கில் வேறொரு ஆர்டருக்காக அலமாரியில் கை விட்டபோதுதான் அது என் கண்ணில் பட்டது. சர்க்கரை நோய்க்கான மாத்திரை ஒன்று. ஒரே பெயர், ஒரே பச்சை அட்டை. ஒரு மில்லிகிராம், இரண்டு மில்லிகிராம் என்று எண்தான் வேறு. அனந்தபுரத்துக்குப் போயிருக்க வேண்டிய ஒரு மில்லிகிராம் அட்டைகள் அலமாரியிலேயே இருந்தன. அதே எண்ணிக்கையில் இரண்டு மில்லிகிராம் அட்டைகள் குறைந்தன.

முதலாளி கத்தவில்லை. எங்களைப் பெட்டிகட்டும் மேஜைக்கு அழைத்துவந்து ஸ்டூலில் உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

“யார் கூப்பிட்டது?”

“நான்தான் சார். ஒண்ணுன்னுதான் கூப்பிட்டேன்.”

“யார் இருக்குன்னு சொன்னது?”

ஆரோக்கியம் தலைகுனிந்தான். நான்தான் சொன்னேன்: “இருக்குன்னு சொல்லலை சார். ம்-னாரு.”

“ம்-னா என்ன அர்த்தம்? இருக்கா, இல்லையா?”

வாரம் முழுக்க யாருமே கேட்காத கேள்வி. வேறு நாளாக இருந்தால் “டேய், வாயத் தொறந்து சொல்றா” என்று நான் கேட்டிருப்பேன். பேச்சுவார்த்தை இல்லாததால் கேட்கவில்லை.

அனந்தபுரம் கடைக்குப் போன் போட்டால் லைன் செத்துக் கிடந்தது. கோவிந்தன் பஸ் நிலையத்துக்குப் போயிருந்தான். எனக்கு மொபெட் ஓட்டத் தெரியாது, இன்றுவரை தெரியாது. ஆரோக்கியம் ஒன்றும் சொல்லாமல் வண்டியை வெளியே எடுத்தான். நான் மாற்று மாத்திரைகளோடு பின்னால் ஏறிக்கொண்டேன். செஞ்சி வழியாக அத்தனை தூரமும், மே மாத வெயிலில், அவன் முதுகை நான் பிடித்துக்கொண்டு, பேசாமல் போனோம்.

அனந்தபுரம் கடைக்காரர் அட்டைகளைத் திருப்பிக் கொடுத்தார். ஒரே ஒரு அட்டை மட்டும் விற்றுப்போயிருந்தது. வாங்கியவர் பக்கத்துக் கிராமத்துக்காரர், பால் ஊற்றுகிற பெரியவர். விசாரித்துப் போனோம். வாசலில் அவர் சம்சாரம் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரித்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, காலைல வாங்கின சர்க்கரை மாத்திரையைக் குடுங்க, வேற தர்றோம்” என்றேன்.

“இன்னாத்துக்கு?”

“அது ரெண்டு. ஐயாவுக்கு எழுதினது ஒண்ணு.”

“ரெண்டக் குடுத்துட்டு ஒண்ண வாங்கிக்கணுமா? வெயில்ல வந்து நல்லா ஏமாத்தறீங்களே ரெண்டு பேரும்! காசு குடுத்திருக்குதுய்யா.”

ஆரோக்கியம் கையெடுத்துக் கும்பிட்டு, பாதி வாயில், “அம்மா... சக்கர ஒரேயடியா எறங்கிடும்... மயக்கம் வரும்...” என்றான். அவன் முகத்தைப் பார்த்ததும் அந்த அம்மாள் முறத்தைக் கீழே வைத்துவிட்டாள்.

“அடக் கடவுளே. இப்பத்தான் ஒண்ணு முழுங்கிட்டுப் படுத்தாரு.”

பெரியவரை எழுப்பி, நடுவில் உட்காரவைத்து, மூவருமாக அந்த மொபெட்டில் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனோம். அங்கே ரத்தம் பார்த்தார்கள். பயப்பட ஒன்றுமில்லை, நன்றாகச் சாப்பிட வைத்து, வேர்க்கிறதா, கை நடுங்குகிறதா என்று சாயங்காலம் வரை பக்கத்திலேயே இருந்து பாருங்கள் என்றார் டாக்டர். வீட்டுக்கு அழைத்து வந்தோம். மணி மூன்றரை. அங்கிருந்து விழுப்புரம் கிட்டம்தான். ஆறு நாளில் முதல் தடவையாக நான் அவனிடம் வாயைத் திறந்தேன்.

“நீ போ ஆரோக்கியம். ஜல்தியா போனா அஞ்சுக்குள்ள போயிடலாம். இவரை நான் பாத்துக்கறேன்.”

“ம்ஹூம்.”

“ஜூலி பீஸுடா!”

அவன் என்னை ஒரு பார்வை பார்த்தான். பெரியவர் மயங்கினால் நான் பார்த்துக்கொள்வேன், நான் மயங்கினால் யார் பார்ப்பது என்கிற பார்வை. பிறகு பெரியவரின் உள்ளங்கையைத் தன் கையில் எடுத்து வைத்துக்கொண்டான். வேர்வை தெரிகிறதா என்று பார்க்க. அப்படியே உட்கார்ந்திருந்தான். நான்கு மணி ஆயிற்று. ஐந்து ஆயிற்று. பெரியவர் கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு, “எனக்கு ஒண்ணும் இல்லப்பா. இன்னும் எவ்ளோ நாழி என் கைய புட்ச்சிக்கினு இருப்ப? எனக்கே வெக்கமா இருக்குது” என்றார்.

திரும்பும்போதும் பேசவில்லை. இந்த முறை நடிப்பு இல்லை.

நாங்கள் அனந்தபுரம் கிளம்பியதும் மல்லிகா முதலாளியிடம் எல்லாவற்றையும் கொட்டி அழுதிருக்கிறாள். திங்கட்கிழமை காலை, ஆரோக்கியம் இன்னும் வரவில்லை. முதலாளி எங்கள் மூவரையும் அழைத்தார்.

“என் கடை ஆளை வெளியே அனுப்ப, என் கடை ஆளுங்களே, என் சம்பளத்துல, என் மின்விசிறிக்குக் கீழ உக்காந்து சதி பண்ணியிருக்கீங்க.”

கோவிந்தன் அட்டைப்பெட்டியைத் தேடினான்.

“நான் அவனுக்குக் கூட்டிக் குடுத்தா நாலு பேருக்கும் குடுக்கணும். எனக்குக் கம்பெனிக்காரன் விடற லாபம் உங்களுக்கே தெரியும். அதுக்குத்தான் டானிக் குடுத்துக்கிட்டிருக்கேன். பெருமைக்காகக் குடுக்கிறேன்னா நினைச்சீங்க?”

பிறகு போனை எடுத்தார். விழுப்புரத்து ஏஜென்சி முதலாளிக்கும் இவருக்கும் எந்த ஊர் யாருக்கு என்கிற தகராறில் பேச்சு நின்று பல வருடம். எங்களுடையது போல ஒரு வாரச் சண்டை அல்ல, அசல்.

“வணக்கம். ஆமா, நான்தான். திண்டிவனம். சனிக்கிழமை நீங்க வரச் சொன்ன ஒருத்தர் வரலை, இல்லையா? எங்க இருந்தார்னு சொல்றேன், கேளுங்க.” சொன்னார். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. நாங்கள் செய்த தவறையும் சேர்த்தே சொன்னார். “...எடுத்துக்கோங்க. ஆனா ஒண்ணு. நீங்க சொன்ன சம்பளத்துக்கு மேல ஐந்நூறு போடுங்க. போட்டாத்தான் அனுப்புவேன். ...பார்க்கலாம்லாம் வேணாம். அது நான் சொல்ற வார்த்தை.”

அந்தக் கடையின் சரித்திரத்தில் ஒருவருக்கு முதலாளி சம்பளத்தைக் கணிசமாக உயர்த்திக் கொடுத்தது அன்றைக்குத்தான். அதுவும் இன்னொருத்தர் பணத்தில்.

ஆரோக்கியம் வந்ததும் கூப்பிட்டு, “வர்ற ஒண்ணாம் தேதிலேர்ந்து நீ விழுப்புரம் போற. போகலைன்னா இங்கயும் வேலை இல்ல” என்றார். கடைசி நாளில் ஒரு பெட்டி நிறைய டானிக்கை மொபெட்டின் பின்னால் தன் கையாலேயே கட்டிவிட்டார். கட்டுவதற்கு முன், பழக்க தோஷம், என்னைக் கூப்பிடச் சொன்னார். நான் கூப்பிட்டேன். ஆரோக்கியம் ஒவ்வொரு பாட்டிலையும் எடுத்துப் பார்த்து, “இருக்கு” என்றான். கடைசிப் பாட்டிலை நான் இரண்டு தடவை கூப்பிட்டேன்; அவனும் இரண்டு தடவை சொன்னான். மல்லிகா மின்விசிறியை யார் பக்கமும் திருப்பாமல் உள்ளே போய்விட்டாள்.

அவன் அங்கே நன்றாக இருந்தான். ஜூலி படித்து முடித்து நர்ஸ் ஆனாள். நாலைந்து வருடம் கழித்து என்னையும் விழுப்புரத்துக்கு அழைத்தான். சம்பளத்தைக் கேட்டதும் எனக்கே தலைசுற்றியது. அப்போது எழுதியதுதான் இரண்டாவது ராஜினாமா. ஒருத்தன் கூப்பிட்டு ஒருத்தன் ‘இருக்கு’ சொல்லாமல் கோவிந்தன் எப்படிப் பெட்டி கட்டுவான் என்று காரணம் கண்டுபிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். கடைசியில் புது வரி வந்த வருஷம் முதலாளி, கண்ணாடி போட்டாலும் இந்தக் கணக்கு தெரியவில்லை என்று கடையை மூடினார். நான் வேலையை விட்டேன் என்று சொல்ல முடியாது. வேலைதான் என்னை விட்டது.

அந்த வாரம் நாங்கள் பேசாமல் இருந்ததன் உண்மைக் காரணத்தை ஆரோக்கியத்திடம் யாரும் சொல்லவில்லை. மல்லிகாவையும் கோவிந்தனையும் நான்தான் சத்தியம் வாங்கித் தடுத்தேன். என்றைக்காவது ஒருநாள், அவன் கண் கலங்கும்படி நானே சொல்ல வேண்டும் என்று சேமித்து வைத்திருந்தேன். பிரகாஷுக்குப் பதில் சொல்லும் முன் அந்தக் கணக்கைத் தீர்த்துவிடலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை விழுப்புரத்தில் அவன் வீட்டுக்குப் போனேன். ஸ்டெல்லா காபி கொண்டுவந்து வைத்தாள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, தியாகம், நட்பு, மனசைக் கல்லாக்கிக்கொண்டது எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்லி முடித்தேன்.

ஆரோக்கியம் காபியைக் கீழே வைத்தான்.

“சண்டையா? எப்பண்ணே? ...அந்த வாரமா! எனக்குக் கடவாப் பல்லுண்ணே. ஒரு பக்கம் வீங்கிப்போயி வாயத் தொறக்க முடியல. கடைல இருந்த வலி மாத்திரைல்லாம் போட்டுப் பாத்தேன், ஒண்ணும் கேக்கல. வூட்டுக்குப் போனா இவ நை நைன்னு பேசிக்கினே இருந்தா. கடைலதான் நீங்க மூணு பேரும் புரிஞ்சுக்கினு, ஒரு வார்த்த பேச்சுக் குடுக்காம இருந்தீங்க. அவ்ளோ நிம்மதியா இருந்துச்சுண்ணே. சனிக்கெழம நான் லீவு கேட்டதுகூடப் பல்லு புடுங்கத்தான், இவதான் விழுப்புரத்துக்குன்னு நெனச்சு சட்டைய இஸ்திரி போட்டுக் குடுத்தா. இப்டிப்பட்டவங்கள உட்டுட்டுப் போவவே கூடாதுன்னு அந்த வாரம்தான் முடிவே பண்ணேன்.”